ஏரிக் கட்லாவுக்குத் தூண்டில்: புதிதாகப் போடுகிறவர்களுக்கு

வேலூர்ப் பக்கம் தூண்டில் பிடிக்கிறவர்கள் ஜிலேபி மீனில் தொடங்கி விராலுக்குப் போவார்கள். கட்லா வேறு மாதிரி. பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், மீசை கிடையாது. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் மீன் இது. நன்றாக வளர்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். நம் ஏரியில் மாட்டுகிற மூன்று கிலோ மீனே தூண்டில் நரம்பை உருவிக்கொண்டு ஓடும்போது கை நடுங்கும். அந்த ஓட்டத்துக்காகத்தான் கரையில் மணிக்கணக்காக உட்காருகிறோம்.

முதலில் அனுமதி

கட்லா ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும், தேங்கிய தண்ணீரில் இடாது. 1957-ல் ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌதுரி கெண்டை இன மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார். அந்த வழியில் குஞ்சு பொரித்துத்தான் இன்று ஏரிகளில் விடுகிறார்கள். அதனால் காவேரிப்பாக்கம் ஏரியோ உங்கள் ஊர் ஏரியோ, அங்குள்ள கட்லா பெரும்பாலும் யாரோ காசு போட்டு விட்டது. மீன் குத்தகைக்காரரிடம் கேட்ட பிறகே தூண்டிலைப் பிரியுங்கள்.

சாமான்

பத்தடிக் கழி, ரீல், 0.35 மில்லிமீட்டர் நரம்பு, நீளமான தக்கை, சிறிய ஈயக்குண்டு, சிறிய தூண்டில் முள். மீன் பெரிதென்று முள்ளையும் பெரிதாக வாங்க வேண்டாம்.

இரை

பாதி வெற்றி இதில்தான். கட்லா இரையைக் கடித்து விழுங்குவதில்லை; தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளில் சலித்துத் தின்னும். ஆகவே மாவு தண்ணீரில் கரைந்து புகைபோலப் பரவ வேண்டும். கடலைப் பிண்ணாக்கு இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு. பிண்ணாக்கை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடியுங்கள். வறுத்த சோம்பும் வெந்தயமும் சிறிது சேர்க்கலாம். பிடிமானத்துக்கு ஒரு கைப்பிடி மைதா. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: பத்து நிமிடத்தில் உதிர்ந்தால் சரியான பதம். கல்லாகக் கிடந்தால் தவிடு கூட்டுங்கள். போட்டதுமே கரைந்தால் மைதா கூட்டுங்கள். உருண்டையின் ஓரத்தில் முள் நுனி தெரிகிற மாதிரி புதையுங்கள்.

ஆழம்

தரையில் இரையைக் கிடத்தினால் அடியில் மேயும் மிர்கால் கெண்டைக்குத்தான் விருந்து. கட்லா மேல்மட்டத்திலும் நடுத்தண்ணீரிலும் மேயும். எட்டடித் தண்ணீரில் முள் மூன்றடி, நான்கடியில் தொங்கும்படி தக்கையை நகர்த்துங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவது முக்கியம். மாவு வாசம் அங்கே சேரச் சேர மீன் வரும்.

கடி

தக்கை லேசாக ஆடும். பொறுங்கள். அது நிதானமாக அமிழும், இல்லையென்றால் மேலெழும்பிச் சாயும். மீன் இரையைத் தூக்கிவிட்டது. உடனே கழியை அழுத்தமாக உயர்த்துங்கள், வெட்டி இழுக்காதீர்கள். கட்லாவின் உதடு மென்மையானது, கிழிந்துவிடும். ரீலில் நரம்பைப் பிடித்து நிறுத்தும் இறுக்கத்தைத் தளர்வாக வைத்து ஓட விடுங்கள், நின்றதும் சுற்றுங்கள். இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு பக்கவாட்டில் சாயும்போது கைவலையைத் தண்ணீருக்குள் முன்கூட்டியே தாழ்த்தி, தலைப்பக்கமாக வாங்குங்கள். கைக்கு அடங்குகிற குட்டியென்றால், ஈரக் கையால் முள்ளைக் கழற்றி அங்கேயே விட்டுவிடுங்கள்.