அலுவலகமும் ஊரும்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எல்லாம் தவிசாளரிட்டச் சொல்லியாச்சு." கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். பிரதேச சபையின் தலைவரான தவிசாளரிடம் சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் வாயால் சொன்னது அலுவலகக் கோவையில் ஏறுவதில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே தேர்தல் வரை பிரதேச சபைகள் உறுப்பினர்களே இல்லாமல் இயங்கின. அதற்கு முன் உறுப்பினரிடம் வாயால் மட்டும் சொன்னதை யாரிடம் போய் நினைவூட்டுவது? கடிதமாகக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கதவு மாறிப் போவது. ஏ9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஊர் ஒழுங்கை பிரதேச சபையின் பொறுப்பு. சிறு குளத்தின் கட்டு உடைந்தால் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும், நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு அல்ல.

பெரிய இழப்பு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தாததுதான். "எங்கட வீதியை ஏன் இன்னும் போடேல்லை?" என்று எழுதினால் சாக்குப்போக்குத்தான் பதிலாக வரும். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: "2025இல் இந்த ஒழுங்கைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஒப்பந்தக்காரர் யார்? வேலை மதிப்பீட்டின் பிரதி தேவை." காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் முதலில் அந்த அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். முதல் மறுப்போடு கோவையைக் கட்டி வைத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வேகிறது.

அலுவலகங்களின் தவறு இதைவிடப் பாரம். காலபோக (மழைக்கால நெல்) அறுவடை நேரத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "சனம் வரேல்லை" என்பது நியாயமில்லை. அறிவித்தலைக் கிராம அலுவலரின் பலகையில் ஒட்டியதோடு கடமை முடிவதுமில்லை. கமக்காரர் அமைப்புக்கும் மாதர் சங்கத்துக்கும் நேரே சொல்ல வேண்டும். வடக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்லும்போது, காணி பற்றிய கடிதம் சிங்களத்தில் மட்டும் வருவதை ஏற்க முடியாது. வந்தால் தமிழில் தரும்படி எழுத்திலேயே கேளுங்கள்.

"நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒற்றை வரிப் பதில் யாருக்கும் உதவாது. பொறுப்பான அலுவலர் யார், எந்த ஆண்டு நிதியில் வேலை நடக்கும் என்பவை பதிலில் இருக்க வேண்டும். நிதி இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதலாம். அப்போதுதான் ஊர் வேறு அலுவலகத்தை நாட முடியும்.