மிச்சத் துணியில் பண்டிகைத் தலையணை உறை

பண்டிகை நெருங்கும்போது புதுத் துணி தேடி அலைய வேண்டாம். தைத்து மிஞ்சிய துண்டுகளே போதும். ஜிப்பும் பொத்தானும் இல்லாத உறைதான் எனக்குப் பிடித்தது. தைப்பது எளிது, கழற்றித் துவைப்பதும் எளிது.

16 அங்குலச் சதுரத் தலையணைக்கு முன்பக்கம் 17 அங்குலச் சதுரம். பின்பக்கத்துக்கு 17க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை மட்டும் 1 அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். முன்பக்கத் துணியின் நல்ல பக்கத்தின் மீது இரண்டையும் கவிழ்த்து வையுங்கள். மடித்த ஓரங்கள் நடுவில் 5 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தலையணையை நுழைக்கும் வாய் அதுதான். சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, மூலைகளைச் சற்று நறுக்கித் திருப்பினால் உறை தயார்.

நட்சத்திரமோ விளக்கோ ஒட்டுத்துணியாக வேண்டுமென்றால், உறையை மூட்டுவதற்கு முன்பே முன்பக்கத்தில் வளைதையலால் (ஜிக்ஜாக் தையல்) பதித்துவிடுங்கள். பிறகு மெஷினில் நுழைப்பது பெரும் தொல்லை. பெரிய துண்டு இல்லையா? சிறு துண்டுகளை இணைத்துச் சதுரமாக்குங்கள். பருத்தியோடு பருத்தியை மட்டும். இழுபடும் பனியன் துணி சேர்ந்தால் சுருக்கம் விழும். சிவப்பு, கருநீலத் துண்டுகளை வெட்டுமுன் தனியாக அலசிச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.