வாசித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வர மறுக்கிறது

ஆங்கில வேலை அறிவிப்புகளை வாசிக்கும்போது எனக்கு எல்லாச் சொல்லும் புரியும். ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும் 'டூ', 'மேக்', 'கெட்' தவிர ஒன்றும் வராது.

முதலில் அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்தேன். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பியதுதான் மிச்சம். அப்புறம் 570 சொற்குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து வரும் சொற்களின் தொகுப்பு) கொண்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்'. நல்ல பட்டியல்தான், ஆனால் அது கல்விசார் நூல்களுக்கானது.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று மனப்பாட அட்டைகள் செய்து பழக உதவும் ஆன்கி செயலியில் அட்டைகள் போட்டும் பலனில்லை. அதன் 'பேசிக்' வகை அட்டை ஒரு திசையில்தான் கேட்கும். முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழ் என்று வைத்தால் வாசிக்கத்தான் பழகுவோம், எழுத அல்ல.

'குளோஸ்' வகைக்கு மாறியதும் சரியானது. அதில் வாக்கியத்தில் ஒரு பகுதியை மறைத்துவிட்டுக் கேட்பார்கள். அறிவிப்பில் வரும் வரியை என் பழைய வேலைக்கு ஏற்ப இறந்தகாலத்தில் மாற்றி எழுதினேன்: "ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் டிரெயினிங் நியூ ஸ்டாஃப்." இதில் 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' இரண்டையும் சேர்த்தே மறைக்க வேண்டும். 'ஃபார்' வெளியே நின்றால் அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்; நேர்முகத் தேர்வில் நாக்கு தடுமாறுவதும் அந்த இடத்தில்தான். இன்னொன்று, வெற்றிடத்தில் வேறு சொற்களும் பொருந்தும் என்பதால் மறைத்த சொல்லுக்குப் பின் இரண்டு முக்காற்புள்ளி இட்டு, தமிழில் சின்னக் குறிப்பு சேர்த்தேன். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புவேன்.

கடைசியாக அனுப்பிய கடிதத்தை அகராதியைத் திறக்காமலே எழுதி முடித்தேன். அப்பாடா!