ஈபர்ட் விமர்சனத்தைப் படிக்க ஒரு வழி

ரோஜர் ஈபர்ட் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது டிவியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய மனிதர்தான். ஆனால் அவர் அடிப்படையில் பத்திரிகைக்காரர். 1967இல் சிகாகோ சன்-டைம்ஸின் சினிமா விமர்சகர் ஆனவர், 2013 ஏப்ரலில் இறக்கும்வரை அதே பத்திரிகைக்குத்தான் எழுதினார். 1975இல், அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வேறு. சினிமா விமர்சனத்துக்கு அதை முதலில் வாங்கியவர் அவர்தான். அவர் எழுதியது ஆயிரக்கணக்கில் இணையத்தில் கிடக்கிறது, இன்றைக்கு என்ன படம் பார்க்கலாம் என்று சும்மா போய் விழுந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பார்க்காத படத்தின் விமர்சனத்தை முதலில் தொடாதீர்கள். பார்த்து, பிடித்து, வசனம்கூட மனப்பாடமான படமாக எடுங்கள். நான் எடுத்தது 'டை ஹார்ட்', கொள்ளைக்கூட்டம் பிடித்த கட்டடத்துக்குள் ஹீரோ தனியாக மாட்டிக்கொள்ளும் ஆக்ஷன் படம். நாலுக்கு ரெண்டு நட்சத்திரம்! எரிச்சலில் மூடியிருப்பேன், ஆனால் படித்துப் பார்த்தால் டெக்னிக்கலாகப் படம் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார். அவருக்கு ஆகாதது கட்டடத்துக்கு வெளியே நின்றுகொண்டு, ஹீரோ சொல்வது எதையும் நம்பாமல், எல்லாவற்றையும் தப்பாகவே புரிந்துகொள்ளும் அந்தப் போலீஸ் அதிகாரி. அந்த ஒரு ஆளே பின்பாதியைக் கெடுத்துவிட்டான் என்கிறார். மறுபடி படத்தைப் போட்டேன், அந்த அதிகாரி வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கும் கடுப்பு. படம் இன்னும் பிடிக்கும், அது வேறு விஷயம். அவர் சொன்ன காரணம் சரி, போட்ட மார்க் தப்பு. இப்படி ரெண்டையும் பிரித்துப் பார்க்க வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நட்சத்திரத்தை வைத்து இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். 'அனகோண்டா'வுக்கு மூன்றரை, 'கிளாடியேட்டர்'க்கு ரெண்டு. கிறுக்கா என்று தோன்றும். அவர் கணக்கு வேறு, ஒரு படத்தை அதே வகைப் படங்களோடுதான் ஒப்பிடுவார்: காமிக்ஸ் படமான 'ஹெல்பாய்' எப்படி என்று நண்பர் கேட்டால் அதை சீரியஸான 'மிஸ்டிக் ரிவர்' கூட ஒப்பிட்டா கேட்கிறார், இன்னொரு காமிக்ஸ் படமான 'த பனிஷர்' கூடத்தானே? 1978 'சூப்பர்மேன்' நாலு என்றால் 'ஹெல்பாய்' மூன்று, 'பனிஷர்' ரெண்டு, அவ்வளவுதான். எல்லாப் படத்துக்கும் 100க்கு இத்தனை என்று விகடன் மார்க் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உதைக்கும்.

அப்புறம், ஆளுடைய சாய்வைக் கண்டுபிடியுங்கள். 'புளூ வெல்வெட்'டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம். நடிகை இசபெல்லா ரோசெலினியை அப்படி நிர்வாணமாக, அவமானப்பட வைத்துக் காட்டிவிட்டு, இயக்குநர் அந்தப் பக்கம் கிண்டலுக்குள் ஒளிந்துகொள்கிறார் என்ற கோபம். வன்முறைக்குப் பேர்போன 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்துக்கு ரெண்டு. ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலைக்கு வந்த முதல் வருஷத்திலேயே, நியூயார்க் டைம்ஸின் மூத்த விமர்சகர் போட்டுக் கிழித்த, ரத்தம் தெறிக்கும் 'பானி அண்ட் கிளைட்'க்கு நாலு கொடுத்த ஆள் அவர். பாத்திரத்திடமோ நடிகையிடமோ படம் இரக்கமில்லாமல் நடந்துகொள்கிறது என்று பட்டால்தான் கொதிக்கிறார். இது தெரிந்துவிட்டால் அவருடைய ஒரு நட்சத்திரம்கூட உபயோகம்தான், சில சமயம் அதைப் பார்த்துவிட்டே நான் டிக்கெட் எடுப்பேன்.

தேதியையும் பாருங்கள். 'கிரவுண்ட்ஹாக் டே'வுக்கு 1993இல் மூன்று கொடுத்தவர், 2005இல் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு அதைத் தன் மகத்தான படங்கள் வரிசையில் சேர்த்தார். 'த பிரவுன் பன்னி'யை 2003இல் கான் திரைப்பட விழா வரலாற்றிலேயே மோசமான படம் என்றார். சுமார் 26 நிமிஷம் வெட்டி மறு வருஷம் வந்ததும் மூன்று நட்சத்திரம். எந்த வருஷம், எந்த வெட்டு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பத்துப் பதினைந்து படம் இப்படிப் பழகியபின் பார்க்காத படத்துக்குப் போங்கள். அப்போதும் எங்கேயாவது முட்டும். 'த யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்'க்கு ஒன்றரை கொடுத்து, குழப்பமாக இருக்கிறது, புரிந்தவரைக்கும் அக்கறை வரவில்லை என்று எழுதியிருக்கிறார். நாலு தடவை படித்துவிட்டேன், அந்த ஒன்றில் மட்டும் அவரோடு எனக்கு இன்னும் சண்டைதான்.