ஐரோப்பிய ப்ளேஆஃப் அட்டவணையை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி?

2025 நவம்பரில் கால்பந்து உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்று முடிந்தபோது, சுவீடன் தன் பிரிவின் ஆறு ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல், 2 புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்றது. அந்த அணியின் கதை முடிந்தது என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். இரண்டே நாளில் நடந்த ப்ளேஆஃப் (மீதி இடங்களுக்கான கூடுதல் சுற்று) குலுக்கலில் சுவீடனின் பெயர் வந்தது; எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்றிரவு உட்கார்ந்து கணக்கைப் புரிந்துகொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். செயலிகள் குலுக்கலுக்குப் பிந்தைய அட்டவணையை அழகாகக் காட்டுமே தவிர, ஓர் அணி எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதைக் காட்டுவதில்லை. எக்செல்லையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு போட்டு அடித்த பெயர் அடித்தபடியே கண்ணில் பட வேண்டும்.

முதல் படி எளிது. 2026 உலகக் கோப்பையில் ஐரோப்பாவுக்கு 16 இடங்கள். 12 பிரிவுகளிலும் முதலிடம் பிடித்தவை நேராகச் சென்றுவிடுவதால், மீதி 4 இடங்களுக்குத்தான் ப்ளேஆஃப். இதில் 16 அணிகள் ஆடும். அவற்றில் 12, பிரிவுகளில் இரண்டாம் இடம் பெற்றவை. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இடறிய இடம் இரண்டாம் படி. மிச்சமுள்ள நான்கு அணிகளைத் தகுதிச் சுற்றின் புள்ளிப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. மூன்றாம் இடத்து அணிகளில் சிறந்தவை வரும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. 2024-25 நேஷன்ஸ் லீக்கில் (ஐரோப்பிய நாட்டு அணிகள் லீக் ஏ முதல் டி வரை நான்கு அடுக்குகளாக ஆடும் தனித் தொடர்) தத்தம் பிரிவை வென்ற 14 அணிகளை அதன் தரவரிசைப்படி எழுதி, தகுதிச் சுற்றில் ஏற்கெனவே முதலிரு இடங்களைப் பிடித்தவற்றை மேலிருந்து அடித்துக்கொண்டே வர வேண்டும். லீக் ஏ-வில் போர்ச்சுகல், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நான்கும் தகுதிச் சுற்றிலும் முதலிடம் பெற்றதால் நான்கையும் அடித்துவிடலாம். லீக் பி-யில் இங்கிலாந்தும் நார்வேயும் முதலிடம், வேல்ஸும் செக் குடியரசும் இரண்டாமிடம், அவையும் போயின. எட்டுப் பெயர்களை அடித்த பிறகு லீக் சி-யை வென்ற ருமேனியா, சுவீடன், வட அயர்லாந்து, வட மாசிடோனியா நிற்கின்றன. இவற்றில் எதுவும் தன் தகுதிப் பிரிவில் முதலிரு இடங்களுக்குள் வராததால், தேடிய நான்கும் இவைதான்.

பட்டியலில் அடுத்து இருந்தவை லீக் டி-யின் மால்டோவாவும் சான் மரினோவும். மேற்சொன்ன நான்கில் இரண்டு அணிகள் மட்டும் தம் பிரிவில் இரண்டாம் இடத்தைப் பிடித்திருந்தால், தகுதிச் சுற்றில் ஒரு புள்ளிகூட எடுக்காத சான் மரினோ ப்ளேஆஃபில் ஆடியிருக்கும். இந்த விதியை நான் நியாயமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேஷன்ஸ் லீக் ஆட்டங்களை நட்பு ஆட்டம்போலப் பார்த்த என் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம்.

மூன்றாம் படியில் 16 அணிகளையும் நான்கு பாட்களாக, அதாவது குலுக்கலுக்கான தொகுதிகளாக, பிரிக்க வேண்டும். இரண்டாம் இடத்து அணிகள் ஃபிஃபா தரவரிசைப்படி முதல் மூன்று பாட்களிலும், நேஷன்ஸ் லீக் வழியாக வந்தவை நான்காவதிலும் சேரும். 2022 உலகக் கோப்பைக்கான ப்ளேஆஃபில் பிரிவுப் புள்ளிகளை வைத்து வரிசைப்படுத்தினார்கள். அந்தப் பழக்கத்தில் இப்போதும் போட்டால் பிழையாகிவிடும். ஆறு ஆட்டங்களில் 12 புள்ளிகள் எடுத்த ஸ்லோவாக்கியா இரண்டாம் பாட்டிலும், அதே ஆறு ஆட்டங்களில் 11 மட்டுமே எடுத்த டென்மார்க் முதல் பாட்டிலும் இருந்ததே இதற்குச் சான்று.

பிறகு நான்கு பாதைகள் (ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்கான தனி நாக்அவுட்), பாதைக்கு நான்கு அணிகள். அரையிறுதியில் முதல் பாட் அணி நான்காம் பாட் அணியையும், இரண்டாம் பாட் அணி மூன்றாம் பாட் அணியையும் தன் மைதானத்தில் சந்திக்கும். இத்தாலிக்கு வட அயர்லாந்தும், உக்ரைனுக்கு சுவீடனும் வாய்த்தது அப்படித்தான். இறுதி ஆட்டம் யாருடைய மைதானத்தில் என்பது மட்டும் தரவரிசையால் அல்லாமல் குலுக்கலால் தீர்மானிக்கப்படுகிறது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டா என்று கேட்டிருந்தார். எல்லாம் ஒற்றை ஆட்டங்கள் என்பதால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சமன் ஆனால் கூடுதல் நேரம், அதன்பின் பெனால்டி. 2022 மார்ச்சில் பலெர்மோவில் வட மாசிடோனியா 92-ஆம் நிமிடத்தில் அடித்த ஒற்றைக் கோலால் இத்தாலி வெளியேறியபோது, மறு ஆட்டம் என்ற ஆறுதல் அதற்கு இல்லாமல் போனதும் இதனால்தான்.

இன்னொருவர் ஜமைக்கா, ஈராக், பொலிவியா எல்லாம் எந்தப் பாதையில் வருகின்றன என்று கேட்டார். அவை எந்தப் பாதையிலும் வரமாட்டா. கண்டங்களுக்கிடையிலான ப்ளேஆஃப் என்பது ஐரோப்பிய அணிகள் இல்லாத, ஆறு அணிகள் இரண்டு இடங்களுக்காக மோதும் தனிப் போட்டி. அதற்கு நோட்டில் புதிய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.