பழைய ஒலிம்பிக் பிரபுவைப் பற்றி எழுத உட்காரும் முன்

பிரபு வகையறா, ஒலிம்பிக்கில் வாள் வீசியவர், பிறகு விளையாட்டு நிர்வாகி. இப்படி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவதென்றால் பதக்கத்தை விட்டுவிட்டு முதலில் பெயரைப் பிடியுங்கள், ஏனென்றால் பட்டம் வந்ததும் இவர்களுக்குப் பெயரே மாறிவிடும். இங்கிலாந்தின் டெஸ்பரோ பிரபுவையே எடுத்துக்கொள்வோம். 1855இல் பிறந்தவர், 1905 வரை வில்லியம் கிரென்ஃபெல். 1877இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காகத் துடுப்பு வலித்ததும் (கேம்பிரிட்ஜோடு சமனில் முடிந்த பந்தயம் அது), நாடாளுமன்றத்துக்குப் போனதும் அந்தப் பெயரில்தான். இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதி வாழ்க்கை கைக்கு வராது.

அப்புறம் பதக்கம். 1906 ஏதென்ஸ், எப்பே (வாள்வீச்சில் ஒரு வகை) குழுப் போட்டி: பிரான்சுக்குத் தங்கம், இவருடைய அணிக்கு வெள்ளி. எப்பேயில் உச்சந்தலை முதல் பாதம் வரை எங்கே குத்து விழுந்தாலும் கணக்கு, இவருக்கோ அப்போது வயது 50. எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 1906 போட்டியைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இன்று ஒலிம்பிக்காக ஏற்பதில்லை, அதனால் 'ஒலிம்பிக் வெள்ளி' என்று மொட்டையாகப் போடாமல் 'இடைக்கால ஒலிம்பிக்' என்று சொல்லிவிடுங்கள்.

நயாகரா அருவிக்குக் கீழே இரண்டு முறை நீந்தினார், மேட்டர்ஹார்ன் சிகரத்தில் மூன்று முறை ஏறினார். எல்லோரும் இதிலேயே இரண்டு பக்கம் ஓட்டுகிறார்கள், ஒரு வரி போதும்.

நேரத்தைச் செலவிட வேண்டியது நிர்வாகத்தில். 1905இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கத்துக்கு முதல் தலைவர் இவர். 1908 போட்டி ரோமில் நடப்பதாக இருந்தது, இத்தாலி கைவிட்டதும் லண்டனுக்கு வந்தது. வெசுவியஸ் எரிமலை வெடித்ததுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், பணத் தட்டுப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். அரங்கத்தைக் கட்டிக் கொடுத்தது பிரெஞ்சு-பிரிட்டிஷ் கண்காட்சிக்காரர்கள், பதிலுக்கு நுழைவுக் கட்டணத்தில் பங்கு. நடுவர்கள் எல்லோரும் பிரிட்டிஷ்காரர்கள் என்று அமெரிக்கர்கள் கொதித்தார்கள். 400 மீட்டர் இறுதியை மறுபடி ஓடச் சொன்னபோது அவர்கள் வரவே இல்லை, பிரிட்டனின் ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். அமைப்பாளரைப் புகழ்ந்து எழுதினால் இந்தச் சண்டையையும் எழுதியாக வேண்டும்.

குடும்பத்தைத் தேதி வரிசையில் வையுங்கள், உருக்கமாக அடைமொழி சேர்க்க வேண்டியதில்லை. 1915 போரில் இரண்டு மகன்கள் இறந்தார்கள், மூன்றாவது மகன் 1926இல் கார் விபத்துக்குப் பிறகு. 1945இல் அவரும் போனபோது வாரிசு இல்லாமல் பட்டமே அற்றுப்போனது, ஆகவே 'இன்றைய டெஸ்பரோ பிரபு' யாரென்று தேடி அலைய வேண்டாம்.