வெர்னியரைக் கையில் கொடுத்துப் பாருங்கள்

லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறைக்கு ஆள் எடுக்கும்போது "வேலையில் ஆர்வம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள்; இல்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்? கடைந்த ஷாஃப்ட் (உருளைத் தண்டு) ஒன்றையும், 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் என்ற அளவுகோலையும் கொடுத்து விட்டம் பார்க்கச் சொல்லுங்கள். தாடைகளைத் துடைத்து, மூடி, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அளக்கிறாரா? அப்புறம், இரண்டு மூன்று இடத்தில் அளந்து "இந்தப் பக்கம் கொஞ்சம் டேப்பர் அடிக்குதே" என்றால், அதாவது விட்டம் ஒரே சீராக இல்லாமல் படிப்படியாக மாறுவதைக் கண்டுபிடித்தால், பாதி முடிவு ஆயிற்று.

கடைசியாகக் கெடுத்த ஜாப் (கடையக் கொடுத்த பொருள்) எது என்றும் கேளுங்கள். "நான் எதையும் கெடுத்ததே இல்லை" என்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம். வெட்டும் டூலை எங்கே தப்பாக வைத்தேன் என்று கையால் காட்டிச் சொல்பவரை நம்பலாம். வாய் குழறுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஐடிஐ முடித்து நேரே வரும் பையன்களுக்கு அது சகஜம்.